குப்பை பிரிக்கிற ஷெட்டில் வேலை: லீவு முடிந்து போனால் அன்று ராத்திரியே காய்ச்சல். காற்றில் இருக்கிற கிருமியாலா?

பெல்ட்_ஓரம்:

வணக்கம். குப்பை பிரிக்கிற ஷெட்டில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நின்று கையால் பிரித்துப் போடுகிற வேலை பார்க்கிறேன். பேப்பர், அட்டை, பிளாஸ்டிக் மட்டும்தான் வர வேண்டும், ஆனால் மூட்டையைக் கிழித்தால் அழுகின மிச்சம், ஈரத்துணி, டயப்பர் எல்லாம் சேர்ந்தே கொட்டும். நனைந்துபோய் ரொம்ப நாள் கட்டிக் கிடந்த அட்டையைப் பிரித்தால் உள்மடிப்பில் சாம்பல் பச்சையாகப் பூத்திருக்கும், தட்டினால் புகையாகக் கிளம்பி நேராக முகத்துக்குத்தான் வரும்.

விஷயம் என்னவென்றால், லீவு முடிந்து முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தால் ராத்திரி படுக்கிற நேரத்துக்கு உடம்பெல்லாம் வலி, குளிர், காய்ச்சல். ஓரிரு நாளில் தானாகவே போய்விடுகிறது, அதே வாரத்தில் மறுபடியும் அந்த அளவுக்கு வருவதும் இல்லை. ஆனால் மூக்கடைப்பும் வறட்டு இருமலும் வாரம் முழுக்கக் கூடவே இருக்கிறது. பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற அக்காவுக்கு இப்போது இழுப்பு வந்துவிட்டது, இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் நிற்கிறார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவருக்கு ஆஸ்துமா என்ற பேச்சே கிடையாது.

சூப்பர்வைசரிடம் சொன்னால் "தூசி அலர்ஜி, எல்லோருக்கும் இருக்கிறதுதான்" என்று நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இது வெறும் தூசியா, கிருமியா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, என்னிடமிருந்து அதற்கு ஒட்டிக்கொள்ளுமா? எந்த மாஸ்க் போட்டால் பிரயோஜனம்? நிர்வாகத்திடம் என்ன கேட்பது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தூசி_அளவி:

தொழிற்கூடங்களில் காற்றின் மாதிரி எடுத்து அளக்கிறதுதான் என் வேலை, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் நீங்கள் சொல்கிற நேரக்கணக்கைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது கரிமத் தூசி நச்சுக் கோளாறு. தானியக் கிடங்கு, பஞ்சாலை, பன்றிப்பண்ணை, மட்கு உரக்கிடங்கு, குப்பை ஷெட் என்று அழுகுகிற அல்லது உலர்ந்த உயிர்ப்பொருள் தூசியாகப் பறக்கிற எல்லா இடத்திலும் இது உண்டு. நிறைய தூசியை உள்ளே இழுத்த பிறகு 4 முதல் 8 மணி நேரம் கழித்து காய்ச்சல், குளிர், உடம்புவலி, வறட்டு இருமல் வரும், ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். பஞ்சாலைக்காரர்கள் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்பார்கள், ஏனென்றால் வாரம் முழுக்க தூசியில் நிற்கும்போது உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும், லீவு விட்டதும் அந்தப் பொறுதி போய்விடும், திரும்ப முதல் நாள் நிற்கும்போது மறுபடி தாக்கும்.

இது தொற்றுநோய் கிடையாது. உங்களுக்குள் கிருமி பெருகி வருகிற காய்ச்சல் இல்லை, அதனால் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுப் பயனும் இல்லை, குழந்தைக்கு உங்களிடமிருந்து தொற்றவும் தொற்றாது. ஆனால் வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதீர்கள், துணி மடிப்பிலும் தலைமுடியிலும் அதே தூசிதான் வீட்டுக்கு வருகிறது.

இனி தூசியா கிருமியா என்ற கேள்வி. இரண்டும் வேறு வேறு இல்லை, கிருமியும் கிருமியின் உடைசலும் ஏறிக்கொண்டு பறக்கிற வண்டிதான் அந்தத் தூசி. மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பூஞ்சை வித்துகள். அட்டையில் நீங்கள் பார்த்த சாம்பல் பச்சை ஆஸ்பெர்ஜில்லஸ் வகையாகவோ பெனிசிலியம் வகையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்பதைத்தான் நாங்கள் கவலையோடு தேடுவோம், ஏனென்றால் குப்பைக் குவியல் உள்ளுக்குள் சூடேறி 50 டிகிரிக்குப் போனாலும் அது வளரும், நம் உடம்புச் சூட்டிலும் சௌகரியமாக வளரும். வித்து 2, 3 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அந்த அளவு மூக்கிலோ தொண்டையிலோ சிக்காமல் நுரையீரலின் அடியில் இருக்கிற குட்டிக் காற்றுப்பைகள் வரைக்கும் போகும். காற்று அசையாமல் இருந்தால்கூட, தலை உயரத்திலிருந்து தரைக்கு இறங்க அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷெட்டில் காற்று எப்போது அசையாமல் இருக்கிறது? அதனால் காலையில் உதறின அட்டையின் வித்து மத்தியானம் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது எண்டோடாக்சின். ஒரு வகை பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கிற பொருள், அது செத்து உலர்ந்து தூளான பிறகும் வீரியம் போகாது. உங்கள் காய்ச்சலுக்கு முக்கிய சந்தேகம் இதன் மேல்தான். மூன்றாவது ஆக்டினோமைசீட்ஸ் என்கிற நுண்ணுயிர்கள், இதன் வித்து இன்னும் சின்னது, 1 மைக்ரான் அளவு. வைக்கோலில் இதுதான் விவசாயி நுரையீரல் என்கிற நோயைத் தருகிறது.

வாசனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாற்றத்துக்கு மருந்து அடித்து மணக்க வைத்த ஷெட்டிலும் வித்து எண்ணிக்கை மாறாமல் இருக்கும். வெளிக்காற்றில் கன மீட்டருக்கு நூற்றுக்கணக்கிலோ சில ஆயிரமோ பூஞ்சை வித்து இருப்பது சாதாரணம், மூடின பிரிப்பு ஷெட்டில் அது பத்தாயிரக்கணக்கில் போகும், சில சமயம் லட்சத்தைத் தொடும். ஜெர்மனியில் கையால் பிரிக்கிற இடங்களுக்குக் கன மீட்டருக்கு 50,000 என்று ஒரு தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை, காற்றோட்ட ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கிற அளவுகோல் அது. எண்டோடாக்சினுக்கு நெதர்லாந்தின் சுகாதாரக் கவுன்சில் 2010-இல் 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 90 அலகு என்று பரிந்துரைத்தது.

எதிர்ப்பக்கத்து அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைச் சாதாரணமாக விடாதீர்கள். டென்மார்க்கில் 1986-இல் பேப்பரும் பிளாஸ்டிக்கும் பிரிக்க ஒரு புது ஆலை திறந்தார்கள், சில மாதத்துக்குள்ளேயே 15 தொழிலாளர்களில் 8 பேருக்கு ஆஸ்துமா. இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் படித்த சம்பவம் அது. ஒரே பெல்ட்டில் ஒருவருக்கு இழுப்பு, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அது ஆளின் அலர்ஜி இல்லை, அந்த இடத்தின் காற்று.

ஷிப்ட்_பி:

மாஸ்க் பற்றி நான் சொல்கிறேன், நானும் இதே வேலைதான் தோழர். அந்த நீல சர்ஜிக்கல் மாஸ்க் நம் எச்சில் அடுத்தவர் மேல் தெறிக்காமல் இருக்கச் செய்தது, பக்கவாட்டில் திறந்தே கிடக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று சுலபமான வழியாகத்தானே வரும், துணியைத் தாண்டி வராமல் கன்னத்து ஓரமாக வரும். ஷிப்ட் முடிந்து கழற்றினதும் உள்பக்கம் பாருங்கள், மூக்குத் தண்டுக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். அந்தக் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. நல்ல மாஸ்க்கிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம், கோடு விழுந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

குறைந்தது என்95 அல்லது எஃப்எஃப்பி2 வேண்டும், எஃப்எஃப்பி3 கிடைத்தால் இன்னும் நல்லது. என்95 என்றால் 95 சதவீதம், எஃப்எஃப்பி2 94, எஃப்எஃப்பி3 99 சதவீதம் துகளைப் பிடிக்கும், ஆனால் அது துணியின் கணக்கு. முகத்தோடு ஒட்டாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. காதில் மாட்டுகிற வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டி போகிற வகைதான் இறுக்கமாக நிற்கும். கீழ்ப்பட்டியைக் கழுத்துக்குப் பின்னாலும் மேல்பட்டியை உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழேயும் போட வேண்டும், நிறைய பேர் கீழ்ப்பட்டியை வெட்டி எறிந்துவிட்டு ஒரே பட்டியில் தொங்கவிடுகிறார்கள். தாடி வைத்தவர்களுக்கு இந்த மாஸ்க் எதுவுமே ஒட்டாது, இரண்டு நாள் முள்தாடி இருந்தாலே கசியும். தாடியை எடுக்க முடியாதவர்களுக்கு பேட்டரியில் ஓடுகிற விசிறி வைத்த தலைமூடி வகை இருக்கிறது, வடிகட்டின காற்றை அதுவே முகத்துக்குத் தள்ளும். விலை கூடத்தான், ஆனால் வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்கிறது அது ஒன்றுதான்.

அப்புறம், சாப்பிடப் போகும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள், கழுத்தில் இருக்கிற தூசி மொத்தமும் உள்பக்கம் ஒட்டும். வேர்வையில் நனைந்து மூச்சு இழுக்கக் கஷ்டமானால் மாற்றிவிட வேண்டும், பையில் ஈரத்தோடு போட்டு மறுநாள் எடுத்து மாட்டினால் அதிலேயே பூஞ்சை வைக்கும். வால்வு வைத்த வகை கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

முக்கியமாக ஒன்று: ஷிப்ட் முடிந்ததும் உடுப்புத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி விடுகிற பழக்கம் உங்கள் இடத்திலும் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பெல்ட்டில் வாங்குகிறதை அந்த ஒரு நிமிஷத்தில், அதுவும் மாஸ்க்கைக் கழற்றின பிறகு, மொத்தமாக வாங்குகிறோம்.

பழைய_கை:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே என்று இருக்கிறது. நான் இந்த வேலையிலேயே தலை நரைத்தவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கூட இருக்கிற பழைய ஆட்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் காய்ச்சல் வரும், அப்புறம் உடம்பு பழகிக்கொள்ளும். மண்ணில் விளையாடுகிற பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வருகிற மாதிரிதான் இதுவும். தம்பி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

வார்டு_நர்ஸ்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், நீங்கள் நலமாக இருப்பது உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நான் நெஞ்சக நோய் வார்டில் வேலை பார்க்கிறேன், இந்த விஷயத்தில் மறுப்பு சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்றைக்கு அந்த ஷெட்டில் நிற்கிற பழைய ஆட்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் நன்றாகத்தான் தெரிவார்கள், ஏனென்றால் இழுப்பு வந்தவர்கள், மாடி ஏற மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. எங்களிடம் வருகிறார்கள்.

பழகிக்கொள்ளும் என்பதில் பாதி உண்மை. காய்ச்சல் வருவது குறையும், அது மேலே சொன்ன பொறுதிதான். காய்ச்சல் நின்றுவிட்டதால் மூச்சுக்குழாயில் அழற்சி நின்றுவிட்டது என்று ஆகாது, அது சத்தமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். சின்ன வயதில் பண்ணைச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அலர்ஜி குறைவு என்பதும் ஆராய்ச்சியில் பார்த்ததுதான். ஆனால் வளர்ந்த ஒருவர் வருஷக்கணக்கில் எண்டோடாக்சினை இழுப்பது வேறு கதை, அலர்ஜியே இல்லாத ஆளுக்கும் ஆஸ்துமாவும் தீராத சளி இருமலும் அதனால் வருகிறது.

பெல்ட்_ஓரம் தம்பிக்கு: உங்கள் காய்ச்சல் தூசிக் காய்ச்சல் மட்டும்தான் என்று நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம். அதே மாதிரி தொடங்கி வேறு பாதையில் போகிற ஒரு நோய் இருக்கிறது, மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்பார்கள். அதிலும் வேலைக்குப் போன சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வரும். வித்தியாசம் என்னவென்றால் இதில் உடம்பு பழகாது, போகப் போக மோசமாகும், நடந்தால் மூச்சு வாங்கும், எடை குறையும், கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு திரும்பிச் சரியாகாது. அதனால் ஒருமுறை நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது வெறும் "இருமல், காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை, பெல்ட்டில் எங்கே நிற்கிறீர்கள், பூஞ்சை பூத்த அட்டை வருகிறது, லீவு முடிந்த முதல் நாள் ராத்திரிதான் வருகிறது, இதையெல்லாம் சொல்லுங்கள். இந்த விவரம் இல்லாததால் மாதக்கணக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை எழுதி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம், ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதுகிறது என்று அளக்கிற சோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குழாயில் ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டரும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்குக் குறைந்தது 4 முறை ஊதி, 3, 4 வாரத்துக்கு நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும், லீவு நாளையும் விடக்கூடாது. வேலை நாளில் எண் இறங்கி லீவு நாளில் ஏறுகிறது என்று அந்தத் தாளே காட்டிவிட்டால் அப்புறம் தூசி அலர்ஜி என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

சிலர் அந்தப் பெல்ட்டில் நிற்கவே கூடாது. ஏற்கெனவே கடுமையான ஆஸ்துமா இருக்கிறவர்கள், காசநோய் வந்து ஆறி நுரையீரலில் பொத்தல் இருக்கிறவர்கள் (அந்தப் பொத்தலுக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் பந்தாக வளர்ந்து இரத்தமாகத் துப்ப வைக்கும்), உறுப்பு மாற்று செய்தவர்கள், கீமோ எடுக்கிறவர்கள், ரொம்ப நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு அந்த வித்து உண்மையான தொற்றாகவே மாறி உயிருக்கு ஆபத்தாகலாம். வேலைக்கு எடுக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததை வைத்து ஆளை வெளியே அனுப்பாமல் வேறு இடத்தில் வேலை கொடுக்க வேண்டும்.

டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள், அது ஊசியும் கண்ணாடியும் குத்துகிறதற்கு, காற்றுக்கு இல்லை.

பெல்ட்_ஓரம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, குழந்தைக்குத் தொற்றாது என்று படித்ததும்தான் மூச்சே வந்தது. மாஸ்க் கோட்டை இன்றைக்குப் பார்த்தேன், ஷிப்ட்_பி சொன்ன மாதிரியே மூக்குக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. நாங்கள் ஒரே பெல்ட் ஆட்கள் சேர்ந்து போய்ப் பேசினோம். பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வாங்கித் தருகிறோம், தண்ணீர் ஸ்ப்ரே வைத்துத் தூசியை அடக்குகிறோம் என்கிறார்கள். இதுக்குச் சரி சொல்லலாமா?

தூசி_அளவி:

ஃபேனுக்குச் சரி சொல்லாதீர்கள். பெல்ட்டுக்குக் குறுக்கே காற்றடித்தால் உங்கள் முன்னால் இருக்கிற தூசி எதிரே நிற்கிற அக்காவின் முகத்துக்குப் போகும், அவர் பக்கம் ஃபேன் வைத்தால் உங்களுக்கு வரும். வேண்டியது காற்று வீசுவது இல்லை, காற்று போகிற திசை. சுத்தமான வெளிக்காற்று உங்கள் தலைக்கு மேலிருந்து மெதுவாக இறங்கி, முகத்தைக் கடந்து, பெல்ட்டைத் தொட்டு, பெல்ட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கிற உறிஞ்சியால் வெளியே போக வேண்டும். அதாவது தூசி உங்களிடமிருந்து விலகித்தான் போக வேண்டும், உங்களைத் தாண்டிப் போகக் கூடாது. ஒழுங்கான இடங்களில் பிரிக்கிறவர்களைத் தனி அறைக்குள் நிற்க வைத்து, உள்ளே வடிகட்டின காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு தள்ளுவார்கள், ஷெட்டின் காற்று உள்ளே வராது. அந்த அறைக் கதவைக் கல் வைத்துத் திறந்துபோட்டால் மொத்தச் செலவும் வீண். இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிற ஏசி குளிர வைக்குமே தவிரச் சுத்தம் பண்ணாது.

தண்ணீர் ஸ்ப்ரே பாதி நல்லது, பாதி ஆபத்து. மூட்டை கொட்டுகிற இடத்தில் லேசாகத் தெளித்தால் தூசி எழும்புவது குறையும். ஆனால் குழாயில் வருகிற நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். வழிந்த தண்ணீரைத் தொட்டியில் சேர்த்து மறுபடி அடித்தால், தேங்கின வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா வளரும், அதை மெல்லிய சாரலாக மூச்சில் இழுத்தால் நிமோனியா. அப்புறம் நனைத்த குப்பையை அன்றைக்கே பிரித்து அனுப்பிவிட வேண்டும், நனைத்துவிட்டு நாலு நாள் போட்டு வைப்பது பூஞ்சைக்குத் தீனி போடுகிற வேலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது, வந்த குப்பை எத்தனை நாள் கிடக்கிறது என்பதைத்தான். பூஞ்சை ஒரே ராத்திரியில் பூப்பது இல்லை, அதற்கு நேரம் கொடுத்தால்தான் பூக்கும். முதலில் வந்தது முதலில் பெல்ட்டில் ஏற வேண்டும், லீவுக்கு முன்னால் தரை காலியாக வேண்டும். உங்களுக்குக் காய்ச்சல் லீவு முடிந்த முதல் நாள் வருவதற்கு உடம்பின் பொறுதி ஒரு காரணம் என்றால், அந்த லீவு முழுக்க மூடின ஷெட்டில் வெந்துகொண்டிருந்த குவியலை முதலில் கிளறுவது உங்கள் ஷிப்ட்தான் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். பூத்த அட்டைக்கட்டு கண்ணில் பட்டால் பிரிக்காமலேயே அப்படியே கழிக்க அனுமதி கேளுங்கள், அந்தக் கட்டில் கிடைக்கிற காசுக்கு நுரையீரல் ஈடாகாது.

தரையை விளக்குமாற்றால் உலரப் பெருக்கக் கூடாது, ஈரமாகக் கழுவ வேண்டும் அல்லது ஹெப்பா வடிகட்டி (ரொம்ப நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வகை) வைத்த தொழிற்சாலை வாக்குவம் வேண்டும். வேலை உடுப்புக்கும் வீட்டு உடுப்புக்கும் தனித்தனி லாக்கர், சாப்பிடுகிற இடத்துக்குள் வேலை உடுப்போடு யாரும் வரக்கூடாது. குப்பை எடுக்கிறவர்களுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருவதற்கும் இந்தத் தூசிக்கும் தொடர்பு இருப்பதாகப் பார்த்திருக்கிறார்கள், மூச்சில் போவது பாதி என்றால் வாயில் போவது மீதி. லோடர் ஓட்டுகிறவரின் கேபின் கண்ணாடியை மூடி வைத்து, அதன் காற்று வடிகட்டியைக் கெடுவுக்குள் மாற்றச் சொல்லுங்கள், குவியலைக் கிளறுகிறவர் அவர்தான்.

அளந்து பார்க்கச் சொன்னால் ஷெட் மூலையில் கிருமி வளர்க்கிற ஒரு தட்டை வைத்து எடுத்துவிட்டு "கிருமி குறைவு" என்று தாள் கொடுப்பார்கள், அதை ஏற்காதீர்கள். சட்டைக் காலரில் மாட்டுகிற பம்ப் வைத்து ஷிப்ட் முழுக்க எடுக்க வேண்டும், எண்டோடாக்சினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தட்டில் வளர்வது உயிரோடு இருப்பது மட்டும், உங்களைப் படுக்க வைப்பதில் செத்ததற்கும் பங்கு உண்டு. 2025 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேலையிடத்து உயிரியல் ஆபத்துகளுக்கென்றே 192-ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது, எழுத்தில் கொடுக்கும்போது அதைக் குறிப்பிடுங்கள். வாய்ப்பேச்சாக விட வேண்டாம், எல்லோரும் கையெழுத்துப் போட்டு தேதியோடு கொடுங்கள்.

ஷிப்ட்_பி:

வடிகட்டின காற்று விடுகிற அந்தத் தனி அறையைக் கட்ட மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். உலரப் பெருக்குவதை நிறுத்துவதும், கம்ப்ரஸரைப் பூட்டி வைப்பதும், சாப்பாட்டு இடத்தை ஷெட்டை விட்டுத் தள்ளி வைப்பதும் நாளைக்கே செய்யலாம், யாரிடமும் பட்ஜெட் கேட்க வேண்டியது இல்லை. எங்கள் இடத்தில் முதலில் மாறினது பெருக்குவதுதான், அதிலேயே சாயங்கால இருமல் குறைந்தது பல பேருக்குத் தெரிந்தது.

வார்டு_நர்ஸ்:

கடைசியாக அந்த அக்காவுக்கு. அவர் மாஸ்க் வரும், தனி அறை வரும் என்று அதே பெல்ட்டில் நின்றுகொண்டு காத்திருக்கக் கூடாது. வேலையால் வந்த ஆஸ்துமாவில் அறிகுறி தொடங்கின சீக்கிரத்திலேயே தூசியை விட்டு விலகினால் நன்றாகத் தேறுகிற வாய்ப்பு அதிகம், இழுப்போடு வருஷக்கணக்கில் நின்றுவிட்டு அப்புறம் விலகினால் பல பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. இன்ஹேலரை, தூசியைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறதற்கான மருந்தாக நினைக்க வேண்டாம், டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம். மூச்சு இரைப்பு வேலையோடு தொடர்புடையது, தூசி இல்லாத இடத்தில் வேலை தர வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, நீங்கள் கொடுக்கப் போகிற மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். தனியாகப் போனால் வேலை போய்விடுமோ என்று அவர் பயப்படலாம், நீங்கள் எல்லோரும் கூடவே போங்கள்.